விராலுக்கு ஒரு லேசான ரீல்

லார்ஜ்மவுத் பாஸ் அமெரிக்க ஏரிகளின் மீன். அம்பத்தூர் ஏரியிலோ பருத்திப்பட்டு ஏரியிலோ எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அது மாட்டப்போவதில்லை. ஆனால் அந்த மீனுக்காகவே உருவாகி வளர்ந்த பெய்ட்காஸ்டிங் ரீலுக்குத் திருமுல்லைவாயில், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்திலும் வேலை இருக்கிறது. காரணம் விரால்.

பாஸுக்கும் விராலுக்கும் உறவுமுறை ஏதும் இல்லை. குணம் மட்டும் ஒன்று. இரண்டும் துரத்தித் திரிந்து தின்பவை அல்ல, பதுங்கியிருந்து பாய்பவை. அல்லி இலைக்கு அடியில், கோரைக்குள், ஆகாயத்தாமரை ஓரத்தில் விரால் அசையாமல் நிற்கும். தவளை மேலே தத்திப் போனால் தண்ணீரே வெடித்ததுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் மூங்கில் கழியும் உயிர்த் தவளையும் வைத்துப் பிடித்தார்கள். இப்போது ரப்பர் தவளை வந்துவிட்டது. அதன் முள் இரண்டும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் பாசியில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். அதை இருபது, முப்பது மீட்டர் தூரத்தில், செடிகளுக்கு நடுவே தெரியும் ஒரு முறம் அகலத் தண்ணீரில் போய் விழவைக்க வேண்டும். பெய்ட்காஸ்டிங் ரீல் அந்தக் குறிக்காகத்தான்.

கடையில் அதிகம் விற்கும் ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சுற்றாது. நரம்பு சுருள் சுருளாக அதன் விளிம்பு வழியே வெளியேறும். கற்றுக்கொள்ள எளிது, சிக்கும் குறைவு. பெய்ட்காஸ்டிங்கில் ஸ்பூலே சுழன்று நரம்பைக் கொடுக்கும். கட்டைவிரல் அந்த ஸ்பூல் மேலேயே இருப்பதால், பறந்துகொண்டிருக்கும் தவளையை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். தடித்த நரம்பு போட்டு, செடியோடு சேர்த்து மீனை இழுத்து வரும் பலமும் இதற்கு அதிகம். இதற்கெல்லாம் கொடுக்கும் விலை, பழகும் வரை படும் பாடு.

இந்த ரீலின் பிறப்பு கடிகாரப் பட்டறையில். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்ற சிற்றூரில் இருந்த கடிகாரத் தொழிலாளி ஜார்ஜ் ஸ்னைடர், 1810களை ஒட்டிப் பல்சக்கரம் வைத்த ரீலைச் செய்தார். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் பல சுற்று சுற்றும். நரம்பை இடமும் வலமுமாகப் பரப்பிச் சுற்றும் 'லெவல் விண்ட்' அமைப்பை, மிச்சிகனில் வில்லியம் ஷேக்ஸ்பியர் என்பவர் (நாடக ஆசிரியர் அல்ல) 1890களின் கடைசியில் கொண்டுவந்தார். ஸ்வீடனில் அம்பாசடர் ரீல்களைத் தந்த ஆபு நிறுவனமும் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதுதான். அதே 1921இல் ஜப்பானின் சகாய் நகரில் தொடங்கி, சைக்கிள் ஃப்ரீவீல் செய்த ஷிமானோ, 1970இல் தூண்டில் கருவிகளுக்கு வந்தது. 1949 முதல் டிஐ சைக்கிள்ஸ் இருந்த அம்பத்தூருக்கும், 1964இல் வந்த தொழிற்பேட்டையில் லேத்தும் மில்லிங்கும் ஓட்டியவர்களுக்கும் இந்த வம்சாவளி புதிராகத் தோன்றாது. பல்சக்கரம், பேரிங், நூலிழை அளவு இடைவெளி எல்லாம் அவர்கள் புழங்குகிற சமாசாரம். ஷிமானோ தன் உருண்டை ரீல் வரிசை ஒன்றுக்குக் 'கல்கட்டா' என்றுகூடப் பெயர் வைத்திருக்கிறது. மெட்ராஸுக்கு அந்த யோகம் வரவில்லை.

ரீலை லேசாக்கும் பந்தயத்தில் ஜப்பானியர் முந்தியதற்கு அவர்கள் ஊர் பாஸும் ஒரு காரணம். 1925இல் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விடப்பட்ட அந்த மீன் நாடெங்கும் பரவி, கடைசியில் 2005இல் சட்டப்படி ஆகாத அந்நிய உயிரினப் பட்டியலில் இடம்பிடித்தது. அதற்கு நான்கு வருஷம் கழித்து, பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட பாஸ், 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீனின் உலக சாதனையைச் சமன்செய்தது.

சரி, லேசு என்றால் எவ்வளவு லேசு? பழைய உருண்டை ரீல்கள் முந்நூறு கிராமை ஒட்டி இருக்கும். இன்றைய தட்டை வடிவ ரீல்கள் பெரும்பாலும் 180 முதல் 220 கிராமுக்குள். விலை உயர்ந்தவை 150க்கும் கீழே இறங்கும். காலை முழுக்க நூற்றுக்கணக்கான தடவை எறிந்து சுற்றுகிற மணிக்கட்டுக்கு நூறு கிராம் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதனால்தான் விளம்பரங்களில் எடை பெரிய எழுத்தில் வருகிறது.

ஆனால் எறிதலைத் தீர்மானிப்பது அந்த எடை அல்ல. அட்டைப்பெட்டியில் பல கம்பெனிகள் அச்சிடாத இன்னொரு எடை இருக்கிறது: ஸ்பூலின் எடை. எறியும் கணத்தில் தவளைதான் ஸ்பூலை இழுத்துச் சுழற்ற வேண்டும். ஸ்பூல் கனமானால் அது சுழலத் தயங்கும். சுழல ஆரம்பித்தபின் நிற்கவும் மறுக்கும். காற்றில் தவளையின் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் பழைய வேகத்திலேயே ஓடி, போக வழியில்லாத நரம்பைக் கக்கித் தள்ளும். அதுதான் பேக்லாஷ். புதிதாகப் பழகுகிறவரின் மடியில் குருவிக்கூடுபோல வந்து விழும் சிக்கு.

சாதாரண ரீலில் ஸ்பூல் பதினைந்து கிராமை ஒட்டி இருக்கும். மிகச் சிறிய இரைகளை எறிவதற்கென்று ஜப்பானில் வந்த 'பிஎஃப்எஸ்' வகையில் அது பத்துக் கிராமுக்கும் கீழே. அந்த ரீலால் மூன்று, நான்கு கிராம் இரையைக்கூட எறியலாம். சாதாரண ரீல் ஏழு கிராமுக்குக் கீழே போனாலே திணறும். அப்படியானால் பிஎஃப்எஸ்தானே சிறந்தது என்று தோன்றும். குறவைக்கும் சின்ன மீன்களுக்கும் சரி. விராலுக்கு வேண்டாம். ரப்பர் தவளை பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து கிராம். அதற்குப் போடும் பின்னல் நரம்பு முப்பது முதல் ஐம்பது பவுண்டு. ஆழமில்லாத பிஎஃப்எஸ் ஸ்பூலில் அது போதிய நீளம் அடங்காது. அடங்கினாலும் நரம்பின் கனமே ஸ்பூலின் லேசைத் தின்றுவிடும். தவிர, கவ்விய விரால் தலையைச் செடிக்குள் புதைக்கும் முன் வலிந்து இழுக்க வேண்டும். அப்போது உடல் வளையாத ரீல்தான் உதவும். எனவே நம் ஏரிகளுக்கு 200 கிராமை ஒட்டிய, அலுமினியச் சட்டம் கொண்ட, ஐந்து கிலோவுக்குக் குறையாத டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விடும் பிடி) உள்ள ரீலே பொருத்தம். இன்னும் ஐம்பது கிராம் குறைக்க இரண்டு மடங்கு காசு கொடுப்பது ஆசைக்காக இருக்கலாம், விராலுக்காக அல்ல.

மக்னீசியம் உடல் கொண்ட ரீல் அலுமினியத்தைவிட லேசு. அந்த உலோகத்தின் அடர்த்தியே மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் உப்புத் தண்ணீர் அதற்கு எமன். மேல்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அரிப்பு அங்கே தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஏரி, அடுத்த ஞாயிறு பழவேற்காடு அல்லது முட்டுக்காடு முகத்துவாரத்தில் கொடுவா என்று போகிறவர்கள் இதை யோசித்து வாங்க வேண்டும். கொடுவாவுக்கு ஆங்கிலத்தில் ஆசிய சீ பாஸ் என்று பெயர். அந்த வகையில் பாஸ் பிடிக்கும் ரீல் சொந்தக்காரர் வீட்டுக்கே போனதுபோலத்தான். 

பேரிங் எண்ணிக்கையும் ஒரு மாயை. 'பன்னிரண்டு பிளஸ் ஒன்று' என்று பெட்டியில் போட்டிருக்கும். எறிதலுக்கு முக்கியமானவை ஸ்பூலைத் தாங்கும் இரண்டு, மூன்று பேரிங்தான். மீதியெல்லாம் கைப்பிடியிலும் மற்ற இடங்களிலும் சொகுசுக்கு. கைப்பிடி எந்தப் பக்கம் என்பதைக் கடையிலேயே முடிவுசெய்ய வேண்டும். ஸ்பின்னிங் ரீலில் கழற்றி மறுபக்கம் மாட்டலாம், இதில் முடியாது. பல் விகிதம் 7:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று. 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்பூல் நிறைய நரம்பு இருக்கும்போது, சுற்றுக்குச் சுமார் 75 சென்டிமீட்டர் உள்ளே வரும். தவளைக்கு அந்த வேகம் வேண்டும். விரால் கவ்விக்கொண்டு கரையை நோக்கியே ஓடி வருவதுண்டு. தொய்ந்த நரம்பை உடனே அள்ளாவிட்டால் முள் கழன்றுவிடும்.

பிரேக்கில் இரண்டு ஜாதி. மையவிலக்கு பிரேக்கில், ஸ்பூல் வேகமாகச் சுழலும்போது குட்டிக் கட்டைகள் வெளியே விரிந்து ஒரு வளையத்தை உரசும். காந்த பிரேக்கில் உரசலே கிடையாது. வீட்டு வாசலில் இருந்த பழைய ஈபி மீட்டரில் ஒரு அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டிருக்குமே, அதை ஒரு காந்தம் தொடாமலேயே நிதானப்படுத்தும். அலுமினிய ஸ்பூலுக்குப் பக்கத்தில் இருக்கும் காந்தங்கள் செய்வதும் அதே வேலை. புதியவருக்குக் காந்த பிரேக் சௌகரியம். பக்கவாட்டுத் திருகியைத் திருப்பினால் போதும், மூடியைக் கழற்ற வேண்டியதில்லை. ஸ்பூல் சுழலும் மின்சாரத்திலேயே ஓடும் சிப் வைத்த ரீலும் உண்டு. பேட்டரி வேண்டாம், காசு வேண்டும்.

வாங்கிய அன்றே ஏரிக்குப் போகாமல், முள்ளில்லாத எடை ஒன்றைக் கட்டி ஒரு காலி மைதானத்தில் பழகுவது நல்லது. முதலில் பின்னல் நரம்புக்கு அடியில் கொஞ்சம் நைலான் நரம்பைச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் பின்னல் மொத்தமாக ஸ்பூல் மேல் வழுக்கும். நிரப்பிய பிறகு முப்பது மீட்டரை வெளியே இழுத்துவிட்டு, மீதி நரம்பின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிச் சுற்றிவிடலாம். எவ்வளவு பெரிய சிக்கு விழுந்தாலும் டேப்புக்குக் கீழே இறங்காது.

அடுத்தது இழுவிசைத் திருகி, கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னக் குமிழ். தடியைக் கிடையாக நீட்டி, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்தி, எடையை மெதுவாக இறங்கவிட வேண்டும். அது தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நிற்கும்படி குமிழைத் திருகினால் சரி. பிரேக்கை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றி வைத்து, பழகப் பழக ஒவ்வொரு படியாகக் குறைக்கலாம்.

எறியும்போது கைப்பிடி மேலே பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டால் வீச்சு இயல்பாக வரும். கட்டைவிரல் ஸ்பூலை அழுத்தியபடி இருக்க வேண்டும். தடி பின்னால் போய், தவளையின் கனத்தில் வளைந்து, முன்னால் வரும். நுனி கண்ணுக்கு நேரே வரும்போது விரலைத் தளர்த்த வேண்டும். எடுத்துவிடக் கூடாது, நரம்பின் மேலே பட்டும் படாமல் மிதக்க வேண்டும். ஸ்பூல் நரம்பைத் தூக்கித் தூக்கிப் போடுவது விரலுக்குத் தெரிந்தால் லேசாக ஒரு தொடல். தவளை தண்ணீரைத் தொடும் முந்தைய நொடியில் அழுத்தி நிறுத்தம். இந்தக் கடைசி அழுத்தத்தை மறந்தால் எந்த பிரேக்கும் காப்பாற்றாது. அப்படிச் சிக்கு விழுந்துவிட்டால் நகத்தால் பிய்க்கத் தொடங்கக் கூடாது. டிராக்கை இறுக்கி, கட்டைவிரலால் சிக்கை அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு, மூன்று சுற்று சுற்றி, பொத்தானை அழுத்தி நரம்பை இழுத்தால் பெரும்பாலான சிக்கு தானே அவிழும்.

கோடை மாலைகளில் கடல்காற்று கிழக்கிலிருந்து ஆவடி வரை வந்துவிடும். ஏரியின் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்த்து எறிகிறவருக்கு அது எதிர்காற்று. இரண்டு படி பிரேக் கூட்டுவது ஒரு வழி. எதிர்க்கரைக்கு நடப்பது அதைவிட நல்ல வழி.

தவளை மேல் விரால் பாய்ந்ததும் உடனே வெட்டி இழுக்கத்தான் கை துடிக்கும். ஒரு நொடி பொறுத்து, நரம்பில் கனம் ஏறியபின் இழுத்தால்தான் முள் ஏறும். ஆரஞ்சு நிறத்தில் குஞ்சுக் கூட்டம் கொதிப்பதுபோல மேலே வந்து வந்து போகும் இடத்தில் மட்டும் எறியாமல் விடலாம். அடியில் தாய், தகப்பன் விரால் காவல் இருக்கும். எதைப் போட்டாலும் பாயும். அவற்றைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு விருந்து. புழல், செம்பரம்பாக்கம் போன்ற குடிநீர் ஏரிகளில் கட்டுப்பாடு உண்டு; மற்ற ஏரிகளிலும் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கலாம். கேட்டுவிட்டு இறங்குவது முறை. கழிவுநீர் கலக்கும் ஏரி மீனைக் குழம்பு வைப்பதா, திருப்பி விடுவதா என்பதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரீலைத் தண்ணீரில் முக்கிவைக்கக் கூடாது. உப்பும் மணலும் உள்ளே போகும். டிராக்கை இறுக்கிவிட்டு, குழாயை மெல்லத் திறந்து மேலாக அலசி, உதறித் துடைத்தால் போதும். ஸ்பூல் பேரிங்கில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. கிரீஸ் பல்சக்கரத்துக்கு மட்டும். பேரிங்கில் கிரீஸ் வைத்தால் விலை கொடுத்து வாங்கிய லேசு அன்றோடு போயிற்று. காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். மாதக்கணக்கில் இறுக்கமாகவே கிடந்தால் உள்ளே இருக்கும் வட்டுகள் அமுங்கிப்போய், அடுத்த விரால் இழுக்கும்போது நரம்பு சீராக ஓடாமல் தட்டித் தட்டி ஓடும்.