பிடித்தால் மட்டும் போதுமா? எல்லைப்புற அமெரிக்காவில் கைதியும் காவலும்

மாணவர்களே, கைதியை வண்டியில் ஏற்றி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது இன்று சாதாரண விஷயம். 18ஆம் நூற்றாண்டில், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் குடியேற்றங்களின் மேற்கு எல்லையில் நிலைமையே வேறு. சம்பளம் வாங்கும் போலீஸ் படை அங்கே கிடையாது. மாவட்டத்துக்கு ஒரு ஷெரிப், அவருக்குக் கீழே சில கான்ஸ்டபிள்கள், அவ்வளவுதான். ஆள் போதாவிட்டால் ஊர்மக்களைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும்.

சரி, அந்த ஊர்மக்களே குற்றவாளியின் பக்கம் நின்றால்? 1768இல் பென்சில்வேனியாவில் அதுதான் நடந்தது.

அந்த ஆண்டு ஜனவரியில் பிரெட்ரிக் ஸ்டம்ப் என்ற குடியேறியும் அவருடைய வேலையாளும் பூர்வகுடி மக்கள் பத்துப் பேரைக் கொன்றார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. வில்லியம் பேட்டர்சன் என்பவர் ஆள் திரட்டிப் போய் இருவரையும் பிடித்தார். கார்லைல் ஊர்ச் சிறையில் அடைத்தாயிற்று. அடுத்து, சுமார் 190 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த தலைநகர் பிலடெல்பியாவுக்கு அவர்களைக் கொண்டுவரும்படி உத்தரவு வந்தது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். “எங்கள் மாவட்டக் குற்றத்தை எங்கள் ஜூரிதான் விசாரிக்கணும்” என்று உள்ளூர்க்காரர்கள் எதிர்த்தார்கள். இது ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய உரிமைதான். ஆனால், சில ஆண்டுகளுக்கு முன் நடந்த போர்களால் பூர்வகுடிகள் மீது வளர்ந்த வெறுப்பும் இதற்குப் பின்னால் இருந்தது. அதிகாரிகள் தயங்கினார்கள், பயணம் தள்ளிப்போனது. ஜனவரி 29 அன்று ஆயுதக் கூட்டம் ஒன்று சிறைக்குள் புகுந்து இருவரையும் மீட்டுச் சென்றது. அவர்கள் கடைசிவரை தண்டனை பெறவே இல்லை.

தேர்வில் “சட்டம் இல்லாததால் குற்றவாளி தப்பினான்” என்று எழுதிவிடாதீர்கள். சட்டம் இருந்தது, பிடியாணை இருந்தது, சிறையும் இருந்தது. இல்லாதது உள்ளூர் மக்களின் ஒத்துழைப்பு. காவல் முழுவதும் அவர்களை நம்பியே இருந்ததால், அவர்கள் கைவிட்டதும் சட்டம் செயலற்றுப் போனது.

குற்றம் நடந்த வட்டாரத்து ஜூரி விசாரிக்கும் உரிமை, 1791இல் அமெரிக்க அரசியலமைப்பின் 6ஆவது திருத்தத்திலும் இடம்பெற்றது. உரிமை நல்லதுதான். ஆனால் கார்லைலில் அது கொலைகாரர்களுக்குக் கேடயமாகவும் ஆனது.

ஆசிரியர்கள் வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள்: உள்ளூர் ஜூரி என்றால், கொல்லப்பட்ட அந்தப் பத்துப் பேரின் உறவினர்களுக்கு அதில் இடம் கிடைத்திருக்குமா?