சுமைகூலி முக்கால் பணம்

அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் ஒரு சைக்கிள் மோகம் பரவியது. அதுவரை பிள்ளைகளின் சாமானாக இருந்த சைக்கிளைப் பெரியவர்களும் வாங்கத் தொடங்கினார்கள். 1973-ல் மட்டும் அந்த நாட்டில் சுமார் 1.5 கோடி சைக்கிள்கள் விற்றன; வளைந்த ஹேண்டில்பாரும் பத்து கியரும் கொண்ட ‘டென் ஸ்பீடு’ வண்டிகள்தான் அந்த அலையின் நாயகர்கள். அடுத்த ஆண்டே மோகம் அடங்கத் தொடங்கியது. வண்டிகள் கார் ஷெட்டுகளுக்கும் நிலவறைகளுக்கும் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இன்றுவரை ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருக்கின்றன. விற்பவர் ‘விண்டேஜ்’ என்ற சொல்லைச் சேர்த்து 300 டாலர் கேட்கிறார். வாங்க வந்தவர் துருவைக் காட்டி 50 டாலர் என்கிறார். இரண்டுக்கும் எந்த அடிப்படையும் இல்லை. பழைய ரோடு சைக்கிளுக்கு நியாயமான விலையைக் கணக்குப் போட்டே எட்டலாம். அந்தக் கணக்கை வண்டியின் வயதிலிருந்தோ விற்பவர் கேட்கும் தொகையிலிருந்தோ தொடங்கக் கூடாது. ஓட்டத் தயாரான நிலையில் அது என்ன பெறும் என்று பார்த்து, அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை அதிலிருந்து கழித்துக்கொண்டே இறங்க வேண்டும் என்பது என் வாதம்.

இருபது முப்பது வருடம் உருளாமல் நின்ற வண்டியில் சில சாமான்கள் கட்டாயம் போயிருக்கும். டயரின் பக்கவாட்டு ரப்பர் வெடித்திருக்கும். பிரேக் கட்டை இறுகிப்போயிருக்கும், கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்திருக்கும். ஹப்பிலும் பெடல் அச்சிலும் ஹேண்டில் கழுத்திலும் போட்டிருந்த கிரீஸ் காய்ந்து கெட்டியாகியிருக்கும். பிரித்துக் கழுவி, புது பால்ரஸ் போட்டுப் பூட்ட வேண்டும். சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க வேண்டும். டியூப், செயின், ஹேண்டில் டேப் எல்லாம் புதிதாக வேண்டும். அமெரிக்க விலையில் நடுத்தரச் சாமானாகப் பார்த்து வாங்கினாலும் இவை எளிதில் 100 டாலரைத் தாண்டும்; கடையில் விட்டால் கூலி தனி. மட்டமான வண்டிக்கும் மேலான வண்டிக்கும் இந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. தயாரான நிலையில் 150 டாலர் பெறும் வண்டியும் 600 டாலர் பெறும் வண்டியும் ஒரே ஷெட்டில் ஒரே தூசியோடு நிற்பதாக வைத்துக்கொள்வோம். சாமானுக்கு 120, எதிர்பாராததற்கு 30 என்று கழித்தால் முதல் வண்டியில் மிஞ்சுவது பூஜ்யம், இரண்டாவதில் 450. முதலாவதை 60-க்கும் இரண்டாவதை 350-க்கும் கேட்டால், மலிவு எது? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நம் பழமொழி இந்தச் சந்தைக்கே சொன்னதுபோல் பொருந்துகிறது. குறைந்த விலை கேட்கும் வண்டிகளில்தான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள்.

சிகாகோவின் ஷ்வின் நிறுவனமே இதற்குச் சான்று. அதன் ‘வார்சிட்டி’ அமெரிக்கத் தெருக்கள் முழுக்க ஓடிய வண்டி. ‘பாராமவுண்ட்’ பந்தயக்காரர்களுக்காகக் கையால் கட்டியது. இரண்டின் கழுத்திலும் ஷ்வின் என்ற பெயர்தான் இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் வடிவமும் ஒன்றுபோலத்தான் தெரியும். வார்சிட்டியின் பிரேமில் இணைப்பு இருக்கும் இடமே தெரியாது. எஃகுத் தகட்டை உருட்டிக் குழாயாக்கி மின்சாரத்தால் பற்றவைத்து, மேலே தேய்த்து வழவழப்பாக்கியது அது. சைடு ஸ்டாண்டு பிரேமோடு சேர்ந்தே இருக்கும். பெடல் மாட்டும் இரண்டு கைகளும் ஒரே இரும்புக் கம்பியை வளைத்துச் செய்தவை. மொத்த எடை 17 கிலோவை ஒட்டி வரும். பாராமவுண்டில் மெல்லிய குழாய்கள் வேலைப்பாடுள்ள மூட்டுகளுக்குள் நுழைந்து பித்தளையாலோ வெள்ளியாலோ ஒட்டப்பட்டிருக்கும். பாகங்கள் இத்தாலியின் கம்பாக்னோலோ. எடை 11 கிலோவுக்குள். புதிதாக விற்ற காலத்திலேயே பாராமவுண்டின் விலை வார்சிட்டியைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். வார்சிட்டியை நான் தாழ்த்திப் பேசவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதைப் போட்டு உடைக்கப் பார்த்தும் உடையாத வண்டி அது. அப்படி உடையாததால்தான் இன்றும் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது, அதனால்தான் விலையும் ஏறவில்லை.

ஆக, தயாரான நிலையில் வண்டி பெறும் தொகையை, அதாவது கணக்கின் மேல்வரியை, எழுத பிரேம் எந்தக் குழாயில் கட்டியது என்று தெரிய வேண்டும். பர்மிங்காமில் ஆணி செய்துவந்த ரெனால்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ், முனைகளில் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும் குழாய்க்கு 1897-ல் காப்புரிமை பெற்றார். மூட்டில் வலு, நடுவில் எடைக் குறைவு. ‘பட்டெட்’ குழாய் என்பது இதுதான். அந்த நிறுவனம் 1935-ல் கொண்டுவந்த மாங்கனீசு–மாலிப்டினம் எஃகுக் குழாயான ‘531’ பல பத்தாண்டுகள் பந்தயச் சைக்கிள்களை ஆண்டது. (ரெனால்ட்ஸை 1928 முதல் தன் குடைக்குள் வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் 1949-ல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. நம் ஊர் ஹெர்குலிஸும் ஐரோப்பியப் பந்தயங்களின் 531 பிரேமும் ஒரு காலத்தில் ஒரே தாய் நிறுவனத்தின் பிள்ளைகள்.) 531 ஸ்டிக்கரைப் பார்த்ததும் மயங்கிவிட வேண்டாம், அதன் சிறிய எழுத்துகளையும் படிக்க வேண்டும். ஒரு ஸ்டிக்கர் போர்க், பின்கம்பிகள் உட்பட எல்லாமே பட்டெட் 531 என்று சொல்லும். இன்னொன்று பிரேமின் மூன்று பெரிய குழாய்கள் மட்டும், அதுவும் ஒரே தடிமனான 531 என்று சொல்லும். ஸ்டிக்கரே உரிந்திருந்தால் சீட் கம்பியை உருவிப் பார்க்கலாம். அதன் அடிப்பக்கத்தில் விட்டம் பொறித்திருக்கும். வழக்கமான 28.6 மி.மீ. குழாயில் 27.2 என்று இருந்தால் சுவர் மெல்லியது, நல்ல குழாயாக இருக்க வாய்ப்பு அதிகம். 26-ஐ ஒட்டிய எண் என்றால் தடித்த, சாதாரணக் குழாய். பழைய பிரெஞ்சு வண்டிகளில் குழாயே 28 மி.மீ. என்பதால் மேலான பிரேமிலும் 26.4 போன்ற எண் வரும். அங்கே இந்த அளவுகோல் செல்லாது.

சீட் கம்பியை உருவச் சொல்வதில் இன்னொரு பயனும் உண்டு: அது வருகிறதா என்று தெரிந்துவிடும். எஃகுக் குழாய்க்குள் வியர்வையும் மழைநீரும் இறங்கிய அலுமினியக் கம்பி, வருடங்கள் போகப்போக உப்புப் பூத்து உள்ளேயே இறுகிவிடும். அப்படி இறுகிய வண்டியைச் சரிசெய்யும் செலவு சில சமயம் பிரேமின் விலையையே தின்றுவிடும். ஹேண்டில்பாரைத் தாங்கும் கழுத்துக் கம்பியும் இப்படித்தான். அடுத்து, ஹேண்டில் கழுத்துக்குச் சற்றுப் பின்னால் மேல்குழாய், கீழ்க்குழாய் இரண்டின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் படாத சிறு புடைப்போ பெயின்ட் சுருக்கமோ விரலில் தட்டுப்பட்டால் வண்டி எப்போதோ நேராகப் போய் மோதியிருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தால் போர்க் பின்னோக்கி ஒதுங்கியிருப்பதும் தெரியும். கம்பாக்னோலோ கிராங்காக இருந்தால், கையும் பல்சக்கரத்தைத் தாங்கும் கிளையும் சேரும் மூலையைத் துடைத்துவிட்டு விளக்கொளியில் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் அங்கேதான் தொடங்கும். லாம்பர்ட், வைகவுண்ட் என்ற பெயர்களில் வந்த ஆங்கிலேய வண்டிகளின் அலுமினிய போர்க் முறிந்து ஆட்களை வீழ்த்தியதால் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டது. அந்த போர்க் இன்னும் மாட்டியிருந்தால், மாற்றும் செலவைக் கழிக்காமல் விலை பேசவே கூடாது.

நாட்டுக்கு நாடு கழிக்க வேண்டியதும் மாறும். 1970-களின் பிரெஞ்சு வண்டிகளின் மரை தனி ஜாதி. அடி அச்சின் கிண்ணம் தேய்ந்திருந்தால் மாற்றுச் சாமான் தேடி அலைய வேண்டும். 27 இஞ்ச் சக்கரத்துக்கான டயர் இன்றும் கிடைக்கிறது என்றாலும் வகைகள் குறைவு. ரிம்மில் பசைபோட்டு ஒட்டும் டியூபுலர் டயர் வண்டிகளில், சக்கரத்தையே மாற்றும் செலவையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பான் வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெயருக்கும் தரத்துக்கும் உள்ள இடைவெளி அங்கேதான் நன்றாகத் தெரிகிறது. சன்டூர் என்ற ஜப்பான் நிறுவனம் 1964-ல் சாய்வான இணைகர அமைப்பு கொண்ட பின் கியர் மாற்றியைக் கொண்டுவந்தது. எந்தப் பல்சக்கரத்துக்குப் போனாலும் செயினுக்கும் பற்களுக்கும் இடையே தூரம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். கியர் துல்லியமாக விழும். சாம்பியன்களின் வண்டியில் இருந்த கம்பாக்னோலோவைவிட, சாதாரண வண்டியில் வந்த சன்டூர் சுளுவாகக் கியர் மாற்றியது. அதன் காப்புரிமை 1984-ல் முடிந்ததும் போட்டியாளர்கள் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டார்கள் என்பதே அதன் தரத்துக்கு அத்தாட்சி. மியாட்டா, ஃபுஜி, பானசோனிக், செஞ்சூரியன் போன்ற பெயர்களில் 1980-களின் முதல் பாதியில் அமெரிக்காவுக்கு வந்த வண்டிகள், நல்ல குழாயும் நேர்த்தியான ஒட்டுவேலையும் கொண்டிருந்தும் ஐரோப்பிய வண்டிகளைவிடக் குறைவான விலைக்கு விற்றன. 1985-ன் பிளாசா நாணய ஒப்பந்தத்துக்குப் பின் யென் மதிப்பு ஏறியதும் அந்த விலைகள் கட்டுப்படியாகாமல் போயின, தயாரிப்பு தைவானுக்கு நகர்ந்தது. ஐரோப்பியப் பந்தயங்களின் வீரக்கதை இவற்றுக்கு இல்லாததால் இன்றைய கைமாற்றுச் சந்தையும் இவற்றுக்கு அடக்கமான விலைதான் வைக்கிறது. ஓட்டுவதற்காக வாங்குபவர் தாராளமாக விலை சொல்ல வேண்டியது இவற்றுக்கே என்பேன். பாகங்களும் தாமே வயதைச் சொல்லும்: ஜப்பானின் ஷிமானோ பாகத்தின் பின்புறம் பொறித்த இரண்டு எழுத்தில் முதலாவது ஆண்டு, ‘ஏ’ என்றால் 1976, இரண்டாவது மாதம். ‘எஃப்சி’ என்றிருந்தால் 1981 மார்ச். பிரேமின் காலத்தோடு பாகங்களின் காலம் ஒத்துப்போகாவிட்டால் வண்டி பின்னால் கலந்து கட்டியது.

சேகரிப்பாளர்கள் இந்த இடத்தில் மறுப்பார்கள். ஓட்டும் பயனை வைத்துப் பழம்பொருளை அளக்கலாமா, அரிய வண்டிக்கு ஆசைதானே விலை என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. இத்தாலியின் கயோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடக்கும் ‘லெரோயிகா’ ஓட்டத்தில் பெரும்பாலும் 1987-க்கு முன் கட்டிய வண்டிகளுக்கே இடம். கியர் நெம்புகோல் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் வெளியே வளைந்து தெரிய வேண்டும். இப்படி ஒரு விதி வந்தால் பழைய பாகங்களுக்குத் தேவை கூடத்தான் செய்யும். ஆனால் அங்கும் இதே கணக்குதான். மேல்வரி உயர்கிறது, கழிக்கும் வரிகளும் அதற்கேற்ப மாறுகின்றன. சேகரிப்பாளருக்கு டயர் செலவு பொருட்டில்லை. காணாமல்போன அசல் கிராங்கும், யாரோ ஆசைக்கு அடித்த புது பெயின்டும்தான் பெரிய கழிவுகள். பழசு என்பதே அரியது என்று எண்ணுவதுதான் தவறு. ஒரே ஆண்டில் ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்ற காலத்தின் வண்டிக்கு வயது மட்டும் மதிப்பைக் கூட்டிவிடாது.

இன்னொரு மறுப்பு: “வேலையை நானே செய்வேன், கூலியைக் கழிப்பானேன்?” கூலியைக் கழிக்காமல் விடலாம், சாமான் செலவை விட முடியாது. பழக்கமில்லாத கைக்குக் கருவி வாங்கும் செலவும் சேரும். பழைய பிரீவீலைக் கழற்ற அந்தந்தத் தயாரிப்புக்கான தனிக் கருவி வேண்டும், தப்பான கருவியைப் போட்டுத் திருகினால் பிடிப்பள்ளங்கள் மழுங்கி அது கழலவே கழலாது. பொழுதுபோக்காகச் செய்யும் உழைப்புக்கு விலை போட வேண்டாம் என்பது நியாயம்தான். ஆனால் அந்தச் சலுகையை வாங்குபவர் தன் மகிழ்ச்சிக்காகத் தனக்கே கொடுத்துக்கொள்கிறார், அதனால் வண்டியின் மதிப்பு கூடிவிடவில்லை. உடம்புக்குப் பொருந்தாத அளவுள்ள பிரேமுக்கும் இதே பதில்தான்: எவ்வளவு மலிவானாலும் அதை வேறொருவருக்கு விற்கும் எண்ணத்தோடு மட்டுமே வாங்கலாம்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு விற்பவர் பக்கத்திலிருந்து வருவது. தெரிந்தவர் கணக்குப் போட்டுத் தெரியாதவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குவதற்குத்தானே இத்தனையும்? கணக்கை வாங்குபவர் மனதுக்குள் மறைத்துவைத்தால் அப்படித்தான் முடியும். அதைச் சொல்லிவிட்டால் இரு பக்கமும் பயன்படும். “ஐயா, வண்டி தயாரானால் 300 பெறும். டயர், கேபிள், செயின், பால்ரஸ் எல்லாம் சேர்த்து 130 ஆகும். பின்சக்கர ரிம் நெளிந்திருக்கிறது, அதற்கு 40. நான் 130 தருகிறேன்” என்று சொன்னால், விற்பவர் அதில் எந்த வரியையும் மறுக்கலாம், போன வருடம்தான் டயர் மாற்றினேன் என்று ரசீதைக் காட்டலாம், தொகையும் உடனே ஏறலாம். கணவரின் சாமான்களை ஒழித்துக்கட்டும் ஒரு மூதாட்டி பாராமவுண்டை 60 டாலருக்குக் கேட்டால், அதே கணக்கு வாங்குபவரைக் கேட்ட விலைக்கு மேலே கொண்டுபோகும், அப்போதும் அதை உரக்கச் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். பத்து இருபது டாலர் வித்தியாசம் தேடி அலைந்தவரின் உழைப்புக்கு ஈடு என்று ஏற்கலாம். பல நூறு டாலர் வித்தியாசத்தை அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. கணக்குச் சொல்லியும் விற்பவர் இறங்கவில்லை என்றால் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். வண்டி ஐம்பது வருடம் நின்ற இடத்தில் இன்னும் இரண்டு வாரம் நிற்கும். அதற்குள் வேறு யாரும் அதிகம் தரவில்லை என்றால் அவரே கூப்பிடுவார். யாராவது தந்துவிட்டால், மேல்வரியை நாம் குறைத்து எழுதியிருந்தோம், அல்லது அவர் கழிக்க வேண்டியதைக் கழிக்கவில்லை. அடுத்த வண்டிக்கு விலை சொல்லுமுன் இரண்டில் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.