320 லக்ஸில் ஒரு தாவல்

பெருந்துறையில் நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். உள்ளரங்கில் 320 லக்ஸ் கிடைத்தால் அது நல்ல வெளிச்சம். வெயிலில் சுமார் 300-ல் ஒரு பங்கு. ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளையைப் படமெடுக்க நினைக்கும் பெற்றோரின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

மேசையைத் தாண்டும் வால்ட்டுக்கு ஓடிவர விதி அனுமதிக்கும் தூரம் அதிகபட்சம் 25 மீட்டர். வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வரும் சிறுமி 1/250 வினாடிக்குள் 28 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுவாள், முகம் கலங்கிப்போகும். 1/1000 வினாடியில் 7 மில்லிமீட்டர்தான். ஆனால் 320 லக்ஸில் அந்த வேகத்துக்கு, கேமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸ் எஃப்/5.6-ல் கேட்பது ஐஎஸ்ஓ 25,600. உள்ளங்கையில் பூசிய வெள்ளைப் பொடிக்கும் படத்தில் தெறிக்கும் புள்ளிகளுக்கும் வித்தியாசம் தெரியாது. எஃப்/2.8-க்கு 6,400 போதும். அந்த அளவுள்ள 70-200 மி.மீ. லென்ஸ் 1 லட்சம் ரூபாயைத் தாண்டும். எஃப்/1.8-க்குச் சுமார் 2,500. அந்த 50 மி.மீ. லென்ஸின் விலை 10,000 ரூபாயை ஒட்டித் தொடங்குகிறது. புது கேமராவுக்கு முன் வாங்க வேண்டியது இதைத்தான்.

கேமராவே வாங்க வேண்டியிருந்தால், வரி முன்பைவிடக் குறைவு. 2019 ஜனவரி 1 முதல் டிஜிட்டல் கேமராவுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. 30,000 ரூபாய் அடக்கவிலையில் மிச்சம் 3,000 ரூபாய்.

50 மி.மீ. லென்ஸுக்குக் குறை தூரம். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில், 20 மீட்டர் தள்ளியிருக்கும் கேலரியிலிருந்து எடுத்தால் படச்சட்டத்தின் உயரம் 6 மீட்டர். அதில் 1.5 மீட்டர் சிறுமி 4,000 பிக்சலில் 1,000 மட்டுமே. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 3.3 அங்குலம். 10 மீட்டருக்கு வந்தால் 6.7 அங்குலம்.

பீம் என்னும் சமநிலைக் கட்டையில் கணக்கு கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. உடல் 40 செ.மீ. எழும்பும் தாவலுக்கு ஆகும் நேரம் 0.57 வினாடி. அதில் உச்சியின் 10 செ.மீ.-க்குள் இருப்பது 0.29 வினாடி, அதாவது பாதி. அங்கே மேலும் கீழும் நகரும் வேகம் வினாடிக்கு 1.4 மீட்டரைத் தாண்டாது. 1/500 வினாடியே போதும், எஃப்/1.8-ல் ஐஎஸ்ஓ 1,250 ஆகக் குறையும். உச்சிக்குக் காத்திருக்கப் பழகுவதற்குச் செலவில்லை.

ஃபிளாஷ் கூடாது, சர்வதேசப் போட்டி விதியே தடுக்கிறது. பீமின் அகலம் 10 செ.மீ., உயரம் 125 செ.மீ. கண் கூசி விழுந்தால் கழிவு 1.000 புள்ளி. அது எவ்வளவு பெரிது என்பதற்கு ஓர் ஒப்பீடு: 2016 ஆகஸ்ட் 14 அன்று ரியோ ஒலிம்பிக் வால்ட்டில் இந்திய வீராங்கனை தீபா கர்மாகர் பெற்றது 15.066, வெண்கலத்துக்கு 15.216. இடைவெளி 0.150 புள்ளி.

கொங்குப் பகுதியில் போட்டி நடத்தும் பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோள்: பெற்றோர் நின்று படமெடுக்க, களத்திலிருந்து 10 மீட்டரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுங்கள்.