சிறைப் பள்ளியில் எத்தனை பேர்?

திருவண்ணாமலை கிளைச் சிறையில் ரிமாண்டில் இருப்பவர் ஜாமீன் கிடைத்தால் வீட்டுக்குப் போவார். நீண்ட தண்டனை என்றால் வேலூர் தொரப்பாடி மத்தியச் சிறைக்கு. பள்ளி என்று சொல்லத்தக்க ஏற்பாடு பெரும்பாலும் மத்தியச் சிறைகளில்தான் உண்டு. அங்கே எத்தனை பேர் படிக்கிறார்கள்? வருகைப் பதிவேட்டை எண்ணினால் போதாதா?

போதாது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை உயரத்திலிருந்து ஒரே ஒரு படம் எடுப்பதாக வையுங்கள். மணிக்கு ஆயிரம் பேர் புறப்பட்டு மூன்று மணி நேரத்தில் சுற்றி முடிக்கிறார்கள். அதேபோல் மணிக்கு இன்னொரு ஆயிரம் பேர், லிங்கம்தோறும் நின்று கும்பிட்டு, ஆறு மணி நேரம் எடுக்கிறார்கள். படத்தில் வேகக்காரர்கள் 3,000 பேர், நிதானக்காரர்கள் 6,000 பேர். புறப்பட்டவர்கள் சரிபாதி, படத்தில் இருப்பவர்கள் ஒன்றுக்கு இரண்டு. உள்ளே வரும் வேகத்தைத் தங்கும் காலத்தால் பெருக்கினால் இருப்பவர் எண்ணிக்கை வரும் என்பதை 1961-இல் ஜான் லிட்டில் கணிதமாக நிறுவினார். நியாயவிலைக் கடை வரிசைக்கும் இதே கணக்குத்தான்.

இதைச் சிறைக்குப் போட்டுப் பார்ப்போம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள். ஆனால் ஓர் ஆண்டில் சிறை வாசலைத் தாண்டி உள்ளே வருவோர் 15 லட்சத்துக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் சராசரி தங்கல் ஐந்து மாதத்தைத் தொடாது. பள்ளி ஆண்டோ பத்து மாதம்! ஜூனில் அ, ஆ எழுதத் தொடங்கியவர் அரையாண்டுத் தேர்வுக்குள் போய்விடலாம். போவது அவருக்கு நல்லதுதான். பதிவேட்டில் மட்டும் அது 'இடைநிற்றல்'.

சிறைவாசிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். சுமார் ஐந்தில் இருவர் பத்தாம் வகுப்பை எட்டாதவர். அதனால் ஒரே அறையில் கைநாட்டு வைத்து உள்ளே வந்த ஐம்பது வயதுக்காரரும் டிப்ளமோ முடித்த இளைஞரும் இருப்பார்கள். பல சிறைகளில் அந்த இளைஞரே ஆசிரியர்.

தேர்வு முடிவில் பெயர் வருவதோ பெரும்பாலும் நெடுநாள் இருந்தவர்களுக்குத்தான். 1991-இல் கைதாகி, பின்பு வேலூர் சிறையில் இருந்த பேரறிவாளன் 2012 பிளஸ் டூ தேர்வில் 1,200-க்கு 1,096 எடுத்தார். அந்த உழைப்பு அவருடையது. ஆனால் பாடத்தை முடிக்கும் அளவுக்குக் காலம் உள்ளே கழிந்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. சிறையில் படித்தவர்கள் மீண்டும் குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு விகிதம் 43 சதவீதம் குறைவு என்று அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2013-இல் சொன்னதையும் இப்படியே நிதானமாகப் படிக்க வேண்டும். படிக்க முன்வருபவர் முன்பே திருந்த நினைத்தவராகவும் இருக்கலாமே.

அடுத்த மே மாதம் 'சிறைவாசிகள் இத்தனை பேர் தேர்ச்சி' என்று செய்தி வரும்போது இன்னும் இரண்டு எண்களைக் கேளுங்கள்: ஆண்டு முழுவதும் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? விடுதலையான பின் வெளியே படிப்பைத் தொடர்ந்தவர்கள் எத்தனை பேர்?