உகிர் எங்கே போனது?

விரல் நுனியில் வளர்வதை நாம் நகம் என்கிறோம். அது வடமொழியிலிருந்து வந்த சொல். அது வருவதற்கு முன்னால் தமிழில் அதற்குப் பேரே இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது, உகிர் என்று. சங்கப் பாடல்களில் புலியின் கூரிய நகம் உகிர்தான். ஆழ்வார்கள் பாடிய நரசிங்கம் இரணியன் மார்பைப் பிளந்ததும் உகிரால்தான்.

'அது புலவர்கள் ஏட்டில் வைத்திருந்த சொல், ஊர்ப் பேச்சில் ஏது?' என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். ஆனால் வெறும் ஏட்டுச் சொல்லாக இருந்தால், பக்கத்து மொழிகளில் சின்னக் குழந்தை வாயிலும் அது புழங்குமா? கன்னடத்தில் இன்றைக்கும் நகம் வெட்டுவது என்றால் உகுரு வெட்டுவதுதான். தெலுங்கில் அது கோரு. 'உகிர் எங்கே, கோரு எங்கே, ஒட்டவே இல்லையே' என்கிறீர்களா? தெலுங்கில் சில சொற்களின் முதல் உயிரெழுத்து நழுவி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நம் வீட்டு உரல் அங்கே ரோலு ஆனது அப்படித்தான். உகிர் கோரு ஆனதும் அதே வழியில்தான். ஆக, மூன்று மொழிக்கும் பொதுவான பழைய வீட்டுச் சொல் இது. பேச்சில் அதைக் கைவிட்டது நாம்தான்.

கோரு என்ற சொல்லைக் கேட்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை; செஞ்சியை ஆண்ட நாயக்கர்களே தெலுங்கு பேசியவர்கள்தான். செஞ்சி வட்டத்து அனந்தபுரம் பக்கத்தில் உங்கள் தெருவில் தெலுங்கு பேசும் குடும்பம் இருந்தால், நகத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.