லாரியில் டீசல் கசிவு: கண்டறிதலும் பழுது பார்த்தலும்

விளைபொருளைப் பெருக்குவது ஒரு பணி. விளைந்ததைக் கெடாமல் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு பணி. இந்த இரண்டாவது பணியில் நம் கிராமங்களுக்கு உற்ற துணையாக விளங்குவது லாரி. கரும்பையும் நெல் மூட்டைகளையும் செங்கல்லையும் சுமந்துகொண்டு, வயதேறிய லாரிகள் இன்றும் ஊர்ப்புறங்களில் ஓடுகின்றன. கடன் பெற்று வாங்கிய ஒரு பழைய லாரியை நம்பி இரண்டு மூன்று குடும்பங்கள் பிழைப்பதும் உண்டு. அத்தகைய வண்டியில் ஏற்படும் டீசல் கசிவை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு சீர் செய்வது என்பதை இங்கே ஆராய்வோம்.

துளி தரும் நஷ்டம்

லாரி நின்ற இடத்தில் கறுத்த ஈரம் கண்டால், "பழைய வண்டி, சொட்டத்தான் செய்யும்" என்று பலர் விட்டுவிடுகின்றனர். ஆனால் கணக்கிட்டுப் பார்ப்போம். 30 துளிகள் சேர்ந்தால் 1 மில்லிலிட்டர் ஆகும் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு துளி சிந்தும் கசிவு 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 3 லிட்டரை விழுங்கிவிடும். பணநஷ்டம் இவ்வளவோடு நிற்பதில்லை. சூடான புகைக்குழாயின்மேல் படும் டீசல் தீப்பற்றலாம். சாலையில் சிந்தியது பின்னால் வரும் இரு சக்கர வண்டிகளைச் சறுக்கி விழச் செய்யும். கிணற்றோரம் நிற்கும் வண்டியிலிருந்து மண்ணில் இறங்கும் டீசல் குடிநீரையும் கெடுத்துவிடும்.

டீசல் செல்லும் பாதை

கசிவைத் தேடுமுன் எண்ணெய் செல்லும் வழியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பழைய லாரிகளில் டேங்க் பெரும்பாலும் சேசிஸின் பக்கவாட்டில், எஞ்சினுக்குத் தாழ்வாக இருக்கும். பீட் பம்பு அதிலிருந்து டீசலை உறிஞ்சிப் பில்டருக்கு அனுப்புகிறது. அங்கே வடிந்த டீசல் இஞ்செக்ஷன் பம்பை அடைகிறது. இத்தகைய பம்பை ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927ஆம் ஆண்டில் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. நம் நாட்டில் 1951ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பெற்ற மைக்கோ நிறுவனத்தின் பெயரால் ஓட்டுநர்கள் இதை அறிவர். பம்பிலிருந்து கெட்டியான இரும்புக் குழாய்களின் வழியே டீசல் நாசில்களுக்குச் சென்று, எஞ்சினுக்குள் பீச்சப்படுகிறது. மிஞ்சியது சிறு குழாய் வழியே திரும்பிவிடும்.

இப்பாதையில் அழுத்தம் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. டேங்க் முதல் பீட் பம்பு வரை உறிஞ்சும் பகுதி. அங்கே கசிவு இருந்தால் டீசல் வெளியே வருவதைக் காட்டிலும் காற்று உள்ளே புகுவதே அதிகம். பீட் பம்பு முதல் இஞ்செக்ஷன் பம்பு வரை குறைந்த அழுத்தம். அதற்கப்பால் நாசில் வரையிலோ, பல எஞ்சின்களில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்கு அழுத்தம் உண்டு. இந்த வேற்றுமையை அறிந்தவருக்குக் கசிவைக் கண்டறிதல் பாதி முடிந்ததாகும்.

சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

டீசல் குழாயின்மேல் ஊர்ந்து, தாழ்ந்த இடத்தை அடைந்த பிறகே சொட்டுகிறது. ஆகவே சொட்டும் இடத்திலுள்ள நட்டை முறுக்குவது பயனற்றது. எஞ்சின் ஆறிய பின், பம்பு, பில்டர், குழாய்கள் அனைத்தையும் துடைத்துச் சோப்புத் தண்ணீரால் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். உலர்ந்த இணைப்புகளின்மேல் சாக்குக்கட்டித் தூளையோ முகப் பவுடரையோ மெல்லத் தூவலாம். முதலில் எஞ்சினை ஓட்டாமல், பீட் பம்பின் மேலுள்ள கைப்பம்பை அடித்துப் பார்க்க வேண்டும். பில்டரிலோ வாஷரிலோ கசிவு இருந்தால் தூள் நனைந்து காட்டிவிடும். அங்கே ஒன்றும் தோன்றாவிடில் எஞ்சினை ஓட்டி, நாசில் குழாய்களைக் கவனிக்க வேண்டும். எப்போதும் மேலிருந்து கீழாகவே பார்த்து வருதல் நலம். முதலில் நனையும் இடமே குற்றமுள்ள இடம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓடும் எஞ்சினின் நாசில் குழாயைக் கையால் தடவிப் பார்த்தல் கூடாது. ஊசிமுனைத் துவாரத்திலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். காயம் முள் குத்தியது போலத்தான் தெரியும். ஆயினும் சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரலாம். அவ்வாறு நேர்ந்தால், வலி இல்லையென்று காத்திராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத்துண்டை நீட்டினால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுகள்

தரையில் ஒரு துளியும் இராது. ஆனால் காலையில் எஞ்சின் எளிதில் புறப்படாது, ஏற்றத்தில் திணறும். உறிஞ்சும் பகுதியில் காற்றுப் புகுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். சோதிக்க வழி எளிது. தூய டீசல் உள்ள ஒரு கேனிலிருந்து, உள்ளே தெரியும் குழாய் மூலம் பீட் பம்புக்கு நேரே டீசல் கொடுத்து, காற்றை வெளியேற்றி எஞ்சினை ஓட்ட வேண்டும். கோளாறு மறைந்தால், குற்றம் டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையில் உள்ளது.

மற்றொரு கசிவு இன்னும் பொல்லாதது. பம்பின் உட்பாகம் தேய்ந்தால் சில எஞ்சின்களில் டீசல் உள்ளேயே இறங்கி எஞ்சின் ஆயிலுடன் கலந்துவிடும். ஆயில் குச்சியில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறினால், அல்லது ஆயில் நீர்த்து டீசல் மணம் வீசினால், வண்டியை அக்கணமே நிறுத்த வேண்டும். நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தேய்த்து எஞ்சினையே அழித்துவிடும்.

பழுது நீக்கும் முறை

குழாய் இணைப்புகளில் இருக்கும் செப்பு வாஷர் ஒருமுறை நசுங்கிய பின் கெட்டிப்பட்டுவிடும். கழற்றும்போதெல்லாம் புதிது போடுவதே முறை. புதிது கிடைக்காத இடத்தில், வண்டியிலிருந்து விலகிச் சென்று, பழைய செப்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் மீண்டும் மென்மையாகும். கரியைத் துடைத்து அப்போதைக்குப் பயன்படுத்தலாம்.

வெடித்த ரப்பர்க் குழாய்க்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாயைப் பொருத்தலாகாது. டீசல் அதை ஊறச்செய்து கெடுத்துவிடும். எரிபொருளுக்கென விற்கும் குழாயையே வாங்க வேண்டும். நாசில் குழாயின் நட்டுக் கசிந்தால், எஞ்சினை நிறுத்தி, நட்டைத் தளர்த்தி, முனையைத் துடைத்து அளவோடு முறுக்க வேண்டும்; பலங்கொண்டு முறுக்கினால் முனை நசுங்கும். குழாய் விரிந்திருந்தால் பற்றவைத்தல் உதவாது, மாற்றவே வேண்டும். பெரும்பாலும் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்று போய், அதிர்வினாலேயே குழாய் வெடிக்கிறது. எனவே கிளிப்பையும் பொருத்தினாலன்றிப் பழுது தீர்ந்ததாகாது.

டேங்கில் சிறு கசிவுக்குச் சோப்பைத் தேய்த்து அடைப்பது ஓட்டுநர்கள் அறிந்த உபாயம். அது பட்டறை வரை வந்து சேர மட்டுமே. டேங்கை வெல்டிங் செய்யும் வேலை, அதை முற்றிலும் கழுவி ஆவி நீக்கத் தெரிந்தவருடையது. காலி டேங்க் பயமற்றது என்று எண்ணுவது பெருந்தவறு. அதனுள் தங்கிய ஆவி, வெல்டிங் சூட்டில் வெடித்துவிடும். அவ்வாறே, டேங்கிலிருந்து வாயால் டீசல் உறிஞ்சும் பழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். நுரையீரலில் புகும் சிறிதளவு டீசலும் உயிருக்கு ஆபத்து.

பழுது முடிந்ததும் பில்டரின் மேலுள்ள ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று தெளிந்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். பின்னர் மீண்டும் உலரத் துடைத்து, சிறிது தூரம் ஓட்டிப் பார்த்த பிறகே பாரம் ஏற்றலாம்.

மேற்கூறியவை பழைய பம்பு கொண்ட லாரிகளுக்கே பொருந்தும். 2020 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி செய்யப்பட்ட டீசல் லாரிகளில் அழுத்தம் 1,000 மடங்குக்கும் மேலாகும். அவற்றின் குழாய்களை நாம் தொடலாகாது. பழைய வண்டியிலும் இஞ்செக்ஷன் பம்பைப் பிரிப்பதற்குத் தேர்ந்தவரையே நாட வேண்டும்.

வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவர் பெரும்பாலும் இளம் கிளீனரே. அவருக்கு இம்முறைகளைச் சொல்லிக்கொடுப்பது உரிமையாளரின் கடமையாகும். தினந்தோறும் காலையில் வண்டியின் அடியில் ஒரு பார்வை, ஆயில் குச்சியில் ஒரு பார்வை: இவ்விரண்டுக்கும் ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷம் பணத்தை மட்டுமன்று, பையன் ஒருவனின் கையையும் ஊர்க் கிணற்றின் நீரையும் காக்கும் என்பதை நாம் மறவாதிருப்போமாக.