அடைப்பின் ஆயுள் அதன் ஓரத்தில்

சொத்தைப் பல்லை அடைக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, வெள்ளி அடைப்பா, பல் நிற அடைப்பா என்பதைத்தான். நிறத்தைவிட முக்கியம், அடைப்பும் பல்லும் சந்திக்கும் ஓரம். சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியின் குறுக்களவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு; கண்ணுக்குத் தெரியாத இடுக்கே அதற்கு வாசல். அந்த வாசலை அடைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் மெர்ட்ஸ்-ஃபேர்ஹர்ஸ்ட் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சொத்தையைச் சுரண்டாமலே மேலே பல் நிற அடைப்பான காம்போசிட்டை ஒட்டி மூடியிருந்தார்கள். மூடி கசியாத பற்களில் 10 ஆண்டுகள் கழித்தும் சொத்தை வளரவில்லை. உணவு போய்ச் சேராத கிருமி அடங்கிவிடுகிறது.

ஆனால் ஒவ்வொரு பொருளும் ஓரத்தை மூடும் விதம் வேறு. வெள்ளி அடைப்பு எனப்படும், பாதிக்குப் பாதி பாதரசம் கொண்ட அமால்கம் பல்லோடு ஒட்டாது, புதிதில் கசியும். நாளடைவில் அதிலுள்ள வெள்ளீயம் அரிபட, அந்த அரிமானப் பொருளே இடுக்கை நிரப்பிவிடும். காம்போசிட் இதற்கு நேர்மாறு. 1955-இல் ஆய்வாளர் பியூனகோர் காட்டிய வழியில், பாஸ்பாரிக் அமிலம் எனாமலில் நுண்துளைகளை உண்டாக்க, பிசின் அவற்றுக்குள் இறங்கிப் பற்றிக்கொள்கிறது. ஆனால் இறுகும்போது அது சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்குகிறது. எனாமல் அந்த இழுப்பைத் தாங்கும். ஈறோரத்தில், பல்லின் உள்ளடுக்கான ஈரமான டென்டினில் பிடி தளரும். பிரிட்டனில் வில்சனும் கென்டும் உருவாக்கிய கிளாஸ் அயனோமர் பல்லின் கால்சியத்தோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது, ஃபுளோரைடும் விடுகிறது. மெல்லும் அழுத்தத்தில்தான் அது சீக்கிரம் தேய்கிறது.

பிடுங்கிய பற்களை அடைத்து, 5 டிகிரி, 55 டிகிரி நீரில் மாற்றி மாற்றி முக்கி, சாயத்தில் ஊறவைத்து அறுத்துப் பார்த்தால் எல்லாப் பொருளிலும் கசிவு தெரிகிறதே, பிறகு தேர்வு எதற்கு என்று கேட்கலாம். சாய மூலக்கூறு கிருமியைவிட மிகச் சிறியது. சாயம் புகுந்த இடமெல்லாம் சொத்தை வருவதில்லை. கடைவாய்ப் பற்களில் காம்போசிட்டைவிட அமால்கம் குறைவாகவே தோற்கிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வு சுட்டுவதும் உண்மை. ஆனால் அமால்கத்தை உள்ளே நிறுத்த நல்ல பல்லையும் குடைய வேண்டியிருக்கிறது. பாதரசத்தால் சூழலுக்கு வரும் கேட்டுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அதைச் சில விலக்குகளோடு தடைசெய்தும் விட்டது. ஆகவே பார்க்க வேண்டியது ஓரம் எங்கே விழுகிறது என்பதையே. சுற்றிலும் எனாமல் இருந்து, எச்சில் படாமல் வைக்க முடிந்தால் காம்போசிட். வேரோரச் சொத்தைக்கும், உலர்வாக வைக்க முடியாத பால் பல்லுக்கும் பெரும்பாலும் கிளாஸ் அயனோமர். மருத்துவர் எச்சிலைத் தடுக்கும் ரப்பர் டேம் மாட்டுவதும், காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒளி காட்டுவதும் இந்த ஓரத்துக்காகத்தான். அதற்குப் பிடிக்கும் நேரத்தை, அவசரப்படுத்தாமல் நாம் அவருக்குக் கொடுக்க வேண்டும்.